ஓட்டையை அடைத்தாயிற்று, காற்றுக்கு எங்கே போவது?

ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் வழியாக விருத்தாசலம் போகிற சாலையில் முந்திரித் தோப்புகள் தொடங்கிவிட்டால் கடைகண்ணிகள் அருகிவிடும். பகலில் பரவாயில்லை. ஊர் முனைக்கு ஒரு கீற்றுப் பந்தல், வாசலில் தொங்கும் பழைய டயர், அதில் வெள்ளை பெயின்டில் ‘பஞ்சர்’ என்று நாலு எழுத்து, உள்ளே தடதடக்கும் கம்ப்ரஸர். இரவு ஒன்பது மணி தாண்டினால் பந்தலில் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் பின்சக்கரம் வாலாட்டத் தொடங்கினால் வண்டியைத் தள்ளுவதா, பெட்டிக்குள் கிடக்கும் கருவியை நம்புவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். கருவியை நம்பலாம், அது அந்த வண்டிக்கு ஏற்றதாக இருந்தால். ஆன்லைனில் ‘டூவீலர், கார் இரண்டுக்கும்’ என்று விற்கிற பலவும் காரை மனதில் வைத்துச் செய்தவை. ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் கணக்கு வேறு.

முதலில் எது குத்துகிறது என்று பார்க்கலாம். அரியலூர் மாவட்டத்தில் நிலத்தடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்த இடம் இது. அம்மோனைட் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன, வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான் இன்றைய சிமென்ட் ஆலைகளும், அவற்றுக்குக் கல் சுமக்கும் டிப்பர் லாரிகளும். லாரியின் ரேடியல் டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள் இருந்த எஃகு இழைகள் துண்டு துண்டாகச் சாலையோரம் ஒதுங்கும். லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டுகிற பைக்கின் டயரில்தான் அவை ஏறும். ஆணி குத்தினால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கம்பி தெரியாது. சாயங்காலம் நிறுத்தும்போது சரியாக இருந்த சக்கரம் காலையில் சப்பிக் கிடக்கும்.

இன்னொரு எதிரி சீமைக் கருவேல முள். வேலிக்கு வெட்டி இழுத்துப் போன கிளையிலிருந்து உதிர்ந்த முள் காய்ந்து இறுகி நிற்கும். டயருக்குள் ஏறியதும் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும், நுனி மட்டும் உள்ளே தங்கும். ஒரே டியூப் ஒரே இடத்தில் மறுபடியும் மறுபடியும் பஞ்சராகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். கைதேர்ந்த பஞ்சர்காரர் டியூபை ஒட்டியதோடு விடமாட்டார். ஒரு பழந்துணியை எடுத்து டயரின் உள்வளைவு முழுக்க ஒரு சுற்று ஓட்டுவார். விரலுக்குத் தட்டுப்படாத முள்நுனியில் துணி நூல் மாட்டிக்கொள்ளும். குறடால் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் டியூபைத் திணிப்பார்.

முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரமே அதிகம் பஞ்சராவதற்கும் காரணம் உண்டு. சாலையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி எழுப்புகிறது, பின்னால் வருகிற சக்கரம் அதன்மேல் ஏறுகிறது. ஓட்டுபவரும் பின்னால் உட்கார்ந்தவரும் நெல் மூட்டையும் சேர்ந்த பாரம் பின்னால் இறங்குவது போதாதென்று இது வேறு.

கருவி வாங்கப் போகுமுன் பார்க்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்து. டியூபா, டியூப்லெஸா? டியூப்லெஸ் டயரை அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1947இல் அறிவித்தது. ஃபிராங்க் ஹெர்செக் என்ற பொறியாளருக்கு 1952இல் அதற்கான காப்புரிமை கிடைத்தது. தனியாக ஒரு டியூப் இல்லாமல், டயரின் உட்சுவரிலேயே காற்றை எளிதில் விடாத பியூட்டைல் வகை ரப்பரை ஒரு படலமாகச் சேர்த்துவிட்டார்கள். ஜெயங்கொண்டத்துக்காரருக்கு டயர் தொழில் ஒன்றும் தொலைதூர விஷயமல்ல. பெரம்பலூரை ஒட்டிய நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை நடக்கிறது. 1946இல் சென்னை திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்து தொடங்கிய நிறுவனம் அது.

அந்த உட்படலத்தில் ஆணி ஏறினால் ரப்பர் ஆணியைச் சுற்றி இறுகப் பற்றிக்கொள்ளும். காற்று மெல்லத்தான் இறங்கும். டியூபில் அப்படி இல்லை. மெல்லிய டியூப் குத்துப்பட்ட இடத்திலிருந்து கிழியும், வெளியேறும் காற்று வால்வுத் துளை வழியாகவும் ஸ்போக்ஸ் துளைகள் வழியாகவும் நொடியில் போய்விடும். ஸ்போக்ஸ் சக்கரத்துக்கு டியூப் தேவைப்படுவதும் அந்தத் துளைகளால்தான். வயலுக்கும் சந்தைக்கும் ஓடுகிற டிவிஎஸ் எக்ஸெல்லும், ஸ்போக்ஸ் வைத்த புல்லட்டும், அலாய் சக்கரம் போட்டும் உள்ளே டியூப் வைத்திருக்கிற பழைய 100 சிசி பைக்குகளும் இந்தப் பக்கம். இப்போது வருகிற ஸ்கூட்டர்களும் 125, 150 சிசி பைக்குகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்.

டியூப்லெஸ் என்றால் வேலை எளிது. கிட் என்று விற்பதில் மூன்றே சாமான்தான்: அரம்போல் முறுக்கோடிய ஒரு குத்தூசி, நுனியில் காது வைத்த ஓர் ஊசி, பசையேறிய ரப்பர் ஸ்ட்ரிப் சில. ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவலாம், அவசரத்துக்கு எச்சில் போதும், குமிழி காட்டிக்கொடுக்கும். ஆணியைப் பிடுங்குவதற்குமுன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும், குத்தூசியும் அதே சாய்வில்தான் போக வேண்டும். நேராகக் குத்தினால் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று விழும். குத்தூசியை நாலைந்து முறை ஏற்றி இறக்கி உட்சுவரைச் சொரசொரப்பாக்கிய பின், ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் பாதியாகக் கோத்து, இரு நுனியும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கிற அளவுக்கு அழுத்தி இறக்கி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவ வேண்டும். ஸ்ட்ரிப் உள்ளே மடிந்து சிக்கிக்கொள்ளும். மிஞ்சிய வாலை டயரோடு ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டலாம், ஓடுகிற சூட்டில் அதுவே தேய்ந்து படிந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது கைப்பிடி. பைக் டயரின் ரப்பர் தடித்தது, கீழே உட்கார்ந்து உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்தால்தான் குத்தூசி இறங்கும். மலிவான கிட்டில் வரும் பிளாஸ்டிக் பிடி அந்த இடத்தில்தான் உடையும், உடைந்தால் உள்ளங்கையில் ஊசி. குறுக்குக் கட்டை மாதிரி இரும்புப் பிடி உள்ளதை வாங்குவது நல்லது. காளான் வடிவ பிளக்கை உள்ளே தள்ளுகிற துப்பாக்கி போன்ற கருவியும் கிடைக்கிறது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். எஃகுப் பட்டை உள்ள ரேடியல் டயரில் கம்பி முனைகள் அந்தக் காளான் காம்பை அறுத்துவிடலாம் என்ற குறை அதற்கு உண்டு. நம் சின்ன பைக்குகளின் நைலான் டயருக்கு அந்தப் பயம் இல்லை என்றாலும், சில நூறு ரூபாய் ஸ்ட்ரிப் கிட் செய்யும் வேலையை அது கூடுதல் விலைக்குச் செய்கிறது, அவ்வளவுதான்.

எந்த முறையானாலும் தரையில் படும் நடுப்பகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடவே கூடாது. 17 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்குமேல் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. அந்த ஆட்டத்தில் எந்த ஸ்ட்ரிப்பும் நிற்காது.

ஓட்டையை அடைப்பது இத்தோடு முடிந்தது. கிட் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத பாதி இனிமேல்தான்.

100/90-17 என்று எழுதிய ஒரு பின்டயருக்குள் ஏறக்குறைய 10 லிட்டர் இடம் இருக்கும். 28 பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்குமேல் இன்னும் 1.9 மடங்கு. பள்ளியில் படித்த பாயில் விதியைக் கொண்டுவந்தால், சப்பிய டயருக்குள் இன்னும் 19 லிட்டர் வெளிக்காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும் என்று வருகிறது. சைக்கிள்காரர்கள் பையில் வைத்துக்கொள்ளும் குட்டிப் பம்ப் ஓர் இழுப்புக்கு 80 மில்லிலிட்டர் தள்ளுகிறது என்று கொண்டால் சுமார் 240 இழுப்பு. நடுவே வியர்வையைத் துடைக்கவும் ஓய்வெடுக்கவும் நேரம் வேண்டும். 54 மில்லிமீட்டர் விட்டமும் 12 சென்டிமீட்டர் ஓட்டமும் உள்ள காலால் மிதிக்கிற பம்ப்பில் ஒரு மிதிக்கு 275 மில்லிலிட்டர் போகும். கணக்குப்படி 70 மிதி, கசிவு எல்லாம் சேர்த்து 100 என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். பாட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ பைக்கின் பக்கப் பெட்டியிலோ இடம் இருப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான சாமான் வேறில்லை.

இடம் இல்லாதவர்கள் கண் வைப்பது கரியமில வாயுக் குப்பியில். கட்டைவிரல் அளவில் 16 கிராம் வாயுவைத் திரவமாக அடைத்து வைத்திருப்பார்கள். திருகியதும் உஸ்ஸென்று டயர் நிமிரும். எவ்வளவு நிமிரும்? 16 கிராம் கரியமில வாயு நம் ஊர் வெப்பத்தில் விரிந்தால் சுமார் 9 லிட்டர். மேலே சொன்ன பின்டயரில் அது 13 பிஎஸ்ஐதான் ஏற்றும், இரண்டு குப்பி உடைத்தால் 26. ஆனால் டிவிஎஸ் எக்ஸெல்லின் 2.50-16 டயருக்குள் இருக்கும் இடம் பாதிக்கும் குறைவு, சுமார் நாலரை லிட்டர். ஒரே குப்பி அதை 29 பிஎஸ்ஐ வரை தூக்கிவிடும். பந்தய சைக்கிளுக்காகச் செய்த சாமான் புல்லட்டைவிட மூட்டை சுமக்கும் மொபெட்டுக்குப் பொருந்துகிறது என்பது வேடிக்கைதான்.

அதற்காகப் பெட்டி நிறையக் குப்பி வாங்கிவிடக் கூடாது. கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக ரப்பரின் ஊடாகக் கசிந்து போகும், ஓரிரு நாளில் வெளியேற்றிவிட்டு நல்ல காற்று பிடிக்க வேண்டும். திருகும்போது குப்பி உறைபனிபோல் குளிரும், வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டும். பெரிய சிக்கல் நம் வெயில். கரியமில வாயு 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாக நிற்காது, அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் குப்பிக்குள் அழுத்தம் மளமளவென்று கூடும். 50 டிகிரிக்குமேல் வைக்காதே என்று இத்தகைய குப்பிகளில் எழுதியிருப்பார்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் மூடிய பெட்டி அந்த எல்லையை எளிதாகத் தொடும்.

அடுத்தது மின்சாரப் பம்ப். காருக்கான 12 வோல்ட் பம்ப் 10 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 120 வாட். பல 100 சிசி வண்டிகளில் இருப்பது 3 ஆம்பியர்-மணி பாட்டரி. மாட்டியதும் ஃபியூஸ் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஹேண்டில்பாரில் செல்போன் சார்ஜருக்கு வைத்த யுஎஸ்பி துளை கொடுப்பதோ 5 வோல்ட், 2 ஆம்பியர், வெறும் 10 வாட். அதில் எந்தப் பம்ப்பும் நேரடியாக ஓடாது. ஆகவே தன் பாட்டரியைத் தானே சுமக்கும் சின்ன ரீசார்ஜபிள் பம்ப்தான் வழி. அதில் போதுமான தெம்பு இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. 10 லிட்டர் டயரை 28 பிஎஸ்ஐக்கு ஏற்ற, இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் சுமார் 1,200 ஜூல்தான். குட்டி மோட்டாரும் குட்டி பிஸ்டனும் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்து, பத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குப் போகிறது என்று வைத்தாலும் 12,000 ஜூல். இரண்டு செல் அடுக்கிய 7.4 வோல்ட், 2,000 மில்லியாம்பியர்-மணி பாட்டரியில் 53,000 ஜூல் இருக்கிறது. நாலு டயருக்குக் காணும்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘150 பிஎஸ்ஐ’யைப் பார்த்து மயங்க வேண்டாம். பைக்குக்குத் தேவை அதில் நாலில் ஒரு பங்குதான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மில்லியாம்பியர் கணக்கிலும் ஒரு வித்தை உண்டு: செல்களை வரிசையாக அடுக்கியிருந்தாலும் ஒவ்வொன்றின் எண்ணையும் கூட்டி 4,000 என்று போட்டுவிடலாம். வாட்-மணி எவ்வளவு என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், 15 இருந்தால் நல்லது. லித்தியம் செல்லுக்கும் வெயில் ஆகாது. வண்டியிலேயே கிடந்து ஒரு கோடையைத் தாண்டிய பம்ப், தேவைப்படும் நாளில் பாதி டயரோடு நின்றுபோகலாம். வீட்டுக்குள் எடுத்துப் போகிற பழக்கம் உள்ளவர்களுக்கே இந்த ரகம்.

இந்தக் கருவிகள் எதுவும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. டியூப்லெஸ் டயரைக் காற்றில்லாமல் வெகுதூரம் உருட்டினால் அதன் விளிம்பு ரிம்மின் இருக்கையை விட்டு உள்ளே வழுக்கிவிடும். அதை மறுபடி ‘டப்’ என்று உட்கார வைக்க ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும், தொட்டி உள்ள கம்ப்ரஸரால்தான் முடியும். எனவே சக்கரம் தளர்ந்தது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆணி இன்னும் டயரிலேயே இருந்து காற்றும் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் அதைப் பிடுங்காமல், காற்றை மட்டும் அடித்து, ஊர் வரை மெல்ல ஓட்டிப் போவதுதான் புத்திசாலித்தனம். பல இரவுகளில் ஸ்ட்ரிப்புக்கே வேலை இருக்காது.

டியூப் வண்டிக்காரர்களின் பாடு சற்றுக் கடினம். முள் ஏறிய இடம் தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே சமாளிக்கலாம். இரண்டு லீவர் போட்டு டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் கிளப்பி, அந்த இடத்து டியூபை வெளியே இழுத்து ஒட்டு வைப்பார்கள் பஞ்சர்காரர்கள். இடம் தெரியாவிட்டால் பிரேக் ராடைக் கழற்றி, ஆக்ஸிலை உருவி, சக்கரத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். இதை வீட்டு வாசலில் செய்து பழகாதவர் இருட்டில் சாலையோரம் முதல்முறையாக முயல்வது வம்பு.

ஒட்டு பிடிப்பது பசையால் அல்ல, வேதியியலால். ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகத்தால் குறுக்கே பிணைத்து உறுதியாக்கலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்ததுதான் இன்றும் பஞ்சர் கடையில் நடக்கிறது. டியூபை இரும்புப் பிடியில் இறுக்கித் தீ மூட்டி வேகவைத்த காலத்தில் அந்தப் பிணைப்பைச் சூடு செய்தது. இன்றைய ஒட்டின் அடிப்பக்கம் முழுதாக வேகாத ரப்பர். சொல்யூஷனில் இருக்கும் முடுக்கி, சூடில்லாமலே அந்தப் பிணைப்பைத் தொடங்கி வைக்கிறது. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அமுக்கினால், கரைப்பான் வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும், ஒட்டு அடுத்த வெயிலில் கழன்றுவிடும். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் சறுக்குவது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

ஒட்டுப்போடும் திறமை இல்லாதவரும் ஒரு புது டியூபைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் கட்டி வைத்திருக்கலாம். வால்வு வேரோடு பிய்ந்தால் ஒட்டுக்கு இடமே இல்லை, அப்போது டியூப்தான் கைகொடுக்கும். ஒரு காலத்தில் பஜாஜ் சேத்தக் போன்ற ஸ்கூட்டர்கள் முழுச் சக்கரத்தையே ஸ்டெப்னியாகச் சுமந்தன. முன்னும் பின்னும் ஒரே அளவு, நட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வந்தபோது அந்த வசதி சத்தமில்லாமல் மறைந்தது. கார்களுக்கே கூட, டியூப்லெஸ் டயரும் பழுதுபார்க்கும் கிட்டும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020 ஜூலையில் விதியைத் தளர்த்தியது.

டயருக்குள் முன்கூட்டியே ஊற்றிவைக்கும் சீலன்ட் திரவத்துக்கும் இங்கே ஆதரவாளர்கள் உண்டு. முள்ளுக்கும் மெல்லிய கம்பிக்கும் அது உண்மையிலேயே உதவும். பெரிய ஆணிக்கு உதவாது. பிறகு பஞ்சர் ஒட்டும்போது வழுவழுவென்று எங்கும் அப்பிக்கொண்டு ஒட்டைப் பிடிக்கவிடாமல் செய்யும். சீலன்ட் ஊற்றிய வண்டியைக் கண்டால் பஞ்சர்காரர் முகம் சுளிப்பது அதனால்தான்.

சாலையோரம் போட்ட ஸ்ட்ரிப்பைத் தற்காலிகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வேகத்தை அடக்கி ஊர் வந்து சேர்ந்து, மறுநாள் டயரைக் கழற்றி உட்பக்கம் ஒட்டுப் போட்டுக்கொள்வது முறை. காற்றளவு பார்ப்பதற்குச் சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வைத்துக்கொண்டால், வண்டி ஓடுவதற்குமுன் காலையிலேயே பார்த்துவிடலாம். டயரின் சூடு 10 டிகிரி ஏறினால் 28 பிஎஸ்ஐ டயரில் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். அரியலூரிலிருந்து வெயிலில் ஓடிவந்த கையோடு பார்த்து, ‘அதிகமாக இருக்கிறதே’ என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி, கேட்டு வாங்கலாம்.

பம்ப் வாங்கிய அன்றே அதன் மூக்கை வண்டியின் வால்வில் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். வால்வு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான், 1890களில் ஷ்ரேடர் கொண்டுவந்த அதே வடிவம். இடம்தான் ஒன்றல்ல. 10 அங்குலப் பின்சக்கரம் உள்ள ஸ்கூட்டரில் வால்வுக்கும் டிரம்முக்கும் இடையே இரண்டு விரல் நுழைவதே கஷ்டம். ஒரு பக்கம் சைலன்சர், மறுபக்கம் இன்ஜின். நீளமான கெட்டி மூக்குள்ள பம்ப் அங்கே நுழையாது. வளையும் ரப்பர் குழாயும் திருகி மாட்டும் முனையும் உள்ளது நுழையும். அதுவும் நுழையாவிட்டால், வால்வின்மேல் திருகிக்கொள்ளும் வளைந்த பித்தளை முனை ஒன்றை வாங்கி ஸ்ட்ரிப் பொட்டலத்தோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.